டோக்கன் வாங்காத பாட்டி

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் பெண்ணும் சுகம், என் முழங்கால் மட்டும் அதன் இஷ்டப்படி. அங்கே நீ வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்குகிறாய் என்றால் எங்களுக்கு அதுவே போதும்.

அடுத்த வருஷம் நாடக வகுப்பு வேண்டாம், அந்த நேரத்தில் கணக்கு டியூஷனுக்கு அனுப்பு என்று எழுதியிருந்தாய். நாடக வகுப்பில் தொடர்கிறாளா என்று கேட்டு டீச்சர் கொடுத்த தாளில் நான் இன்னும் ஒன்றும் எழுதவில்லை, மாதக் கடைசிக்குள் கொடுக்க வேண்டும். அதற்குள் பள்ளிக்கூடத்தில் நடந்ததைக் கேள். இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஆஸ்பத்திரி நாடகம் போட்டார்கள், நம்ம ஊமைக்கோட்டானுக்கு உன் வேலைதான், நர்ஸ். பேச்சு ஒன்றே ஒன்று, அடுத்த ஆள் வாங்க என்று. அதற்கே இரண்டு வாரம் என்னைக் கட்டிலில் உட்காரவைத்துக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பழகினாள். நான் முன்வரிசையில் இருந்தேன். தலையில் பவுடர் கொட்டி நரைத்த ஒரு வாண்டு பாட்டியாகப் படுத்திருக்க, டாக்டர் பையன் வந்து, பாட்டி எங்க வலிக்குதுன்னு கேட்டானா, நான் என்னைத்தான் கேட்கிறான் என்று, முழங்கால்லதான்யா, மாடிப்படி ஏறவே முடியலன்னு உரக்கச் சொல்லிவிட்டேன். கூடமே சிரித்தது. பையனுக்கு அடுத்த பேச்சு மறந்து கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. பிள்ளைகள் பட்ட பாட்டையெல்லாம் கெடுத்துவிட்டேனே என்று எனக்கு வேர்த்துக் கொட்டுகிறது, அப்போது உன் பெண் மேடை விளிம்புக்கு வந்து இடுப்பில் கைவைத்து, டோக்கன் வாங்கினீங்களா பாட்டி, வாங்காம நடுவுல பேசக் கூடாது, முதல்ல இவங்க, அப்புறம்தான் நீங்கன்னாள். கடைசி வரிசைவரை கேட்டது. பிறகு அந்தப் பையன் பக்கம் திரும்பி, டாக்டர், நீங்க ஊசி போடுங்க, அவங்கள நான் பாத்துக்கறேன்னாள். இதெல்லாம் எழுதிக்கொடுத்ததில் இல்லாத பேச்சு என்று டீச்சரே என்னிடம் வந்து சொல்லிச் சிரித்தார்.

போன வருஷம், வெளியே போகணும் என்று கேட்க வாய் வராமல் எத்தனை நாள் உடுப்பை நனைத்துக்கொண்டு வந்தாள், உனக்குத் தெரியும். நீ போனில் பேசினாலும் ம் என்பதோடு சரி. இப்போது கணக்கு புரியவில்லை என்றால் எழுந்து நின்று கேட்கிறாளாம். வாய்ப்பாட்டை நானே சொல்லிக்கொடுப்பேன், நான் படித்த அஞ்சாம் வகுப்பில் அது இன்னும் மிச்சமிருக்கிறது. இந்த வாயை நான் எங்கே போய் வாங்கிக்கொடுப்பேன்.

அதனால் நான் உன்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை நீ போன் பண்ணும்போது அவளே கேட்கப் போகிறாளாம். அவள் சொல்லி முடிக்கிறவரை குறுக்கே பேசாதே. அதற்கப்புறமும் வேண்டாம் என்று சொல்ல உனக்கு மனசு வந்தால் சொல், பார்க்கலாம்.

டியூட்டி முடிந்து வந்து வெறும் வயிற்றோடு படுக்காதே. நீ நினைத்ததெல்லாம் நடக்கட்டும், அந்த டியூஷன் ஒன்றைத் தவிர.

இப்படிக்கு,
உன் அம்மா