சுவர்ப் பக்கம் திருப்பி வைத்த தொட்டி

அக்காவுக்கு,

பாசமுள்ள என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். கை வரவில்லை. அடுத்த கடிதத்தில் இரண்டு தடவையாகப் போட்டுக்கொள்கிறேன். போனில் பேசினால் நீ பேச்சை மாற்றிவிடுவாய். கடிதத்தில் உன்னால் குறுக்கே புக முடியாது.

இங்கே எல்லோரும் நலம், உன் தக்காளியைத் தவிர. அங்கே எல்லோரும் நலம் என்று நீ எழுதியிருந்தாய். அது எவ்வளவு பெரிய பொய் என்று நேற்று அத்தான் போனில் உளறிவிட்டார். அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் தக்காளி. அதைப் பற்றி என்றால் அழாமல் திட்ட முடிகிறது.

மொட்டை மாடியில் நீ என்னை நம்பி விட்டுப் போன செடிகள் அத்தனையும் கருகிவிட்டன. முதலில் அடி இலைகளில் வட்டம் வட்டமாகப் பழுப்புப் புள்ளி. பிறகு தண்டில் கறுப்பு. தூறல் பிடித்துக்கொண்ட வாரத்தில் காய்களிலும் யாரோ சூடு வைத்த மாதிரி. இலையைப் பறித்துக்கொண்டு பூச்சிமருந்துக் கடைக்கு ஓடினேன். கடைக்காரர் பார்த்துவிட்டு, இது கருகல் நோய், மருந்தை வருவதற்கு முன்னாலேயே அடித்திருக்கணும், இப்போது அடிப்பது பிணத்துக்குப் பவுடர் பூசுகிற மாதிரிதான் என்றார். சொல்லிவிட்டு அந்தப் பவுடரில் ஒரு டப்பாவை என்னிடமே விற்றுவிட்டார். வாங்கிக்கொண்டு வந்தேன். என் சமத்து உனக்குத் தெரியாததா.

நானும் உத்தமி இல்லை. தண்ணீரைக் காலையில் ஊற்று, வேரடியில் ஊற்று, இலையை நனைக்காதே என்று நீ படித்துப் படித்துச் சொன்னாய். நான் சாயங்காலம் குழாயை உயரத் தூக்கிப் பிடித்து, மழை பெய்வித்து, கூடவே பாட்டும் பாடினேன். ராத்திரி முழுக்க இலையெல்லாம் ஈரம். நோய்க்கு இலை போட்டுப் பரிமாறியவள் நான்தான். செடி செத்தது தண்ணீராலா, பாட்டாலா என்று என் வீட்டுக்காரர் கேட்டார். அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு ரொம்பத் தாமதமாகிவிட்டது.

ஆனால் செடிகளைப் பிடுங்கும்போதுதான் உன் கைவரிசை தெரிந்தது. மூலைத் தொட்டியை இழுத்தால், சுவரைப் பார்த்த பக்கம் மட்டும் கிளையெல்லாம் மொட்டை. கத்தரி பட்ட இடம் காய்ந்து பழசாகியிருந்தது. அப்படியென்றால் ஊருக்குப் போகும் முன்பே புள்ளியைப் பார்த்திருக்கிறாய். பார்த்து, வெட்டி, நல்ல பக்கத்தை என் பக்கம் திருப்பி வைத்து, செடியெல்லாம் ஜோராக இருக்கிறது என்று சொல்லிவிட்டு ரயில் ஏறியிருக்கிறாய். வெட்டியதைப் பையில் கட்டிக் குப்பையிலாவது எறிந்தாயா? என் கண்ணில் படக் கூடாதென்று உரத்தொட்டியில், முட்டை ஓட்டுக்கு அடியில் புதைத்திருக்கிறாய். அந்த உரத்தைத்தான் நான் எல்லாத் தொட்டிக்கும் அள்ளி அள்ளிப் போட்டேன். தாராள மனசு வேறு, எதிர்வீட்டு டீச்சரம்மாவுக்கும் ஒரு வாளி கொடுத்தேன். இப்போது அவர் பார்க்கிற பார்வையில் நானே கருகிவிடுவேன் போலிருக்கிறது.

ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த ஒரு செடியோடு போயிருக்கும்.

இந்தக் கோபத்தில்தான் உனக்குப் போன் போட்டேன். எடுத்தவர் அத்தான். நீ குளிக்கிறாய் என்றார். கொஞ்சம் பொறுத்து, தூங்குகிறாய் என்றார். குளித்துக்கொண்டே தூங்குகிறவளை இப்போதுதான் கேள்விப்படுகிறேன் என்றேன். பாவம், அந்த மனுஷனுக்குப் பொய் வராது. ஸ்கேன் எடுக்க உள்ளே போயிருக்கிறாள், மார்பில் கட்டி, ரொம்ப நாளாகவே இருந்ததாம், எனக்கே இங்கே வந்துதான் சொன்னாள் என்று அழுதுவிட்டார்.

பேத்தியைப் பார்க்கப் போகிறேன் என்றாயே. குழந்தைக்கு நான் பின்னிய ஸ்வெட்டரைப் பெட்டியில் வைக்கும்போதுகூட, கை கொஞ்சம் நீளம் என்று குறை சொன்னாயே. தங்கச்சி பயந்துவிடுவாள் என்றாயாம். பயப்படுவேன்தான். கரப்பான்பூச்சிக்கே நாற்காலி மேல் ஏறுகிறவள் நான். அதற்காக எனக்கு நல்ல பக்கத்தை மட்டும் திருப்பிக் காட்ட உனக்கு யார் அதிகாரம் கொடுத்தது?

இங்கே செய்ய வேண்டியதைச் செய்துவிட்டேன். செடிகளைப் பையில் கட்டிப் போட்டாயிற்று. உரத்தொட்டி காலி. கத்தரியை வெந்நீரில் கழுவினேன். அந்த மண்ணில் இனி வெண்டைக்காய்தான். அடுத்த தக்காளி புது மண்ணில், செடிக்குச் செடி காற்றுப் போகிற மாதிரி தள்ளித் தள்ளி. நீ வந்து நட வேண்டும், நான் நட்டால் விளங்காது. புள்ளி விழாத பச்சைக் காய்கள் கொஞ்சம் மிஞ்சின. செய்தித்தாளில் சுற்றிப் பையில் வைத்திருக்கிறேன். வழியிலேயே பழுத்துவிடும்.

ஆமாம், வழியில்தான். வெள்ளிக்கிழமை ரயிலுக்கு டிக்கெட் எடுத்தாயிற்று. வராதே என்று போன் செய்யாதே, எடுக்க மாட்டேன். டாக்டர் சொல்வதை உன் பக்கத்தில் உட்கார்ந்து என் காதால் கேட்கப் போகிறேன். நடுவில் அழுவேன். நீ பொறுத்துக்கொள்.

சின்னவள் பெரியவளை ஆசீர்வதிக்க முடியாது, உன்னிடம் ஒன்று கேட்கத்தான் முடியும். நான் அழைப்பு மணி அடிக்கும்போது அத்தானை அனுப்பாதே. எவ்வளவு நேரமானாலும் நிற்கிறேன், நீயே நடந்து வந்து கதவைத் திற. திட்டு முழுவதையும் அந்த வாசலில் கொட்டத்தான் பத்திரமாக எடுத்து வருகிறேன்.

உன்மேல் ஆறாத கோபத்துடன்,
தங்கச்சி