போன் எடுக்காதவர்கள்

திங்கள், 3 பெப்ரவரி

மழை, சாய்வாக. கார்க் கண்ணாடியில் உள்பக்கமும் ஈரம். இதைத் தமிழில்தான் எழுதுகிறேன். இந்த டெனிஷ் வானொலி நிலையத்தில் ஒருவருக்கும் வாசிக்கத் தெரியாது.

காலைக் கூட்டம். நிகழ்ச்சி உதவியாளர் இடம் ஒன்று, நிரந்தரம். அடுத்த வார வெள்ளி விண்ணப்பிக்கக் கடைசி நாள். பொறுப்பாளர் ஹென்ரிக்: "எப்போதும் ஒரே மாதிரி ஆட்கள்தான் விண்ணப்பிக்கிறார்கள். இம்முறை எல்லாருக்கும் செய்தி போய்ச் சேர வேண்டும்." பிறகு என் பக்கம் திரும்பி, "தமிழர்களிடம் நீ போ. உனக்கு வழி தெரியும்."

என் தற்காலிக வேலை மார்ச்சோடு சரி. அந்த இடம் எனக்கு வேண்டும். அது அவருக்குத் தெரியாதா? தெரிந்துதான் என்னை விளம்பரம் கூவுகிற பக்கம் நிறுத்திவிட்டாரா? கேட்கவில்லை. தலையாட்டினேன்.

செய்ய: சுவரொட்டி. தமிழ்க் கடை. கிரின்ஸ்டெட் தமிழ்ப் பள்ளி (சனி). டயருக்குக் காற்று.

புதன், 5

இன்றும் மழை. கோப்பி எடுக்கப் போனேன். செய்தி வாசிக்கும் பிர்கிட், கதவோரம் நின்று யாருக்கோ: "லாரா நேற்றே ஹென்ரிக்குக்குப் போன் எடுத்து இந்த இடத்தைப் பற்றிப் பேசிவிட்டாள். அவருக்கு நல்ல சந்தோசம்." என்னைக் கண்டதும் பேச்சு மழைக்கு மாறியது.

லாரா போன கோடையில் இங்கே சம்பளமில்லாமல் வேலை செய்தவள். ஆக, முடிந்த காரியம். மிச்சமெல்லாம் ஊருக்குக் காட்டுவதற்கு.

மத்தியானம் பிர்கிட் என்னைச் சுவரொட்டியோடு நிற்கவைத்துப் படம் எடுத்தாள். இணையத்தளத்துக்காம். "சிரி!" சிரித்தேன். யார் பார்க்க?

வீட்டில் அப்பா: "உள்ளுக்கு ஆள் இருக்கெண்டால் நீ ஏன் ஊரெல்லாம் திரியிறாய்?"

அம்மா: "அப்ளை பண்ணிப்போட்டு இரு. போய்க் கேட்டுக்கொண்டு நிக்காதை. தகுதி இருந்தால் அவையே கூப்பிடுவினம்."

சாப்பிட்டதும் விண்ணப்பத்தை இணையத்தில் அனுப்பினேன். வேலையிடத்தில் ஒருவருக்கும் சொல்லப்போவதில்லை.

சனி, 8

காற்று. பிராண்டேயிலிருந்து கிரின்ஸ்டெட் வரை கார் ஆடியது. தமிழ்ப் பள்ளியில் ஈரச் சப்பாத்து வாசம், பொரித்த ரோல்ஸ் வாசம். பெற்றோர் முன்னால் எழும்பி, சுவரொட்டியைத் தாழ்ந்த குரலில் வாசித்தேன்.

சிவம் அண்ணை பின்வரிசையிலிருந்து: "தங்கச்சி, றேடியோக்காரப் பிள்ளை நீ. இஞ்ச பின்னுக்கு ஸ்டேசன் பிடிக்குதில்லை!"

எல்லாரும் சிரிப்பு. பிறகு அவரே, "ஆளை எடுத்துப்போட்டுத்தானே விளம்பரம் போடுவினம். எங்களுக்குத் தெரியாதே?"

மறுக்கவில்லை. நானும் அதைத்தானே நினைக்கிறேன்.

முடிந்ததும் அபிராமியின் அம்மா என் கையைப் பிடித்தா. "பிள்ளை, நீ உள்ளுக்கு நிக்கிறாய். இவளைப் பற்றி அவரிட்ட ஒரு சொல்லுச் சொல்லிவிடன்."

அபிராமி டெனிஷில், "அம்மா, பேசாமல் வாங்கோ." இந்த வருடம் படிப்பை முடித்தவள். நல்ல குரல். மேடையில் நடுங்கியதே இல்லை.

விளம்பரத்தில் ஹென்ரிக்கின் போன் இலக்கம் இருக்கு, அவரிடமே கேட்கலாம் என்றேன்.

"அப்ளை பண்ண முதலே போன் எடுத்து என்னத்தைக் கேக்கிறது? காலைப் பிடிக்கிற மாதிரியெல்லோ" என்றா தாய்.

ஆளைப் பிடிக்கலாம், போன் எடுக்கக் கூடாது. விசித்திரம். ஆனால் அந்த நேரம் எனக்கும் சரியாகத்தான் பட்டது.

செவ்வாய், 11

உறைபனி. கண்ணாடி சுரண்டிப் பிந்திவிட்டது.

ஹெ.: "சனிக்கிழமை ஆட்கள் வந்தார்களா?"

"நிறைய."

"ஒருவரும் போன் எடுக்கவில்லையே. ஆர்வமில்லைப் போல."

"விண்ணப்பம் அனுப்புவார்கள்."

"அனுப்பலாம். விண்ணப்பமெல்லாம் ஒரே மாதிரி இருக்கும். பேசினவர்தான் மனதில் நிற்பார். அதற்குத்தானே இலக்கம் போடுகிறோம்."

கழிவறை எந்தப் பக்கம் என்று சொல்வதுபோலச் சொன்னார்.

அப்படியென்றால் லாரா கள்ளம் செய்யவில்லை. இங்கே வழக்கமே அதுதான். பல்கலைக்கழகத்திலும் கூடப் படித்தவர்கள் இப்படிப் போன் எடுத்ததைக் கண்டிருக்கிறேன். தெரிந்த ஆட்களாக்கும் என்று நினைத்தேன். எங்கள் வீடுகளில் அந்த இலக்கத்தை ஒருவரும் பார்ப்பதில்லை. ஹெ. அதை ஆர்வமில்லை என்கிறார். நாங்கள் அவரை ஆள் வைத்திருக்கிறார் என்கிறோம்.

அல்லது உண்மையிலேயே வைத்திருக்கிறாரா? லாரா போன் எடுத்ததில் அவ்வளவு சந்தோசம் எதற்கு?

அபிராமிக்குச் சொல்லவா? சொன்னால் அவளை எடுப்பார்கள். சொல்லாவிட்டால் லாராவை. இரண்டிலும் நான் இல்லை.

மத்தியானப் பாணைத் தின்னாமல் காருக்குள் போய் இருந்து அபிராமிக்குப் போன் எடுத்தேன். "நாளைக்கே ஹென்ரிக்கோட கதை. என்ன நிகழ்ச்சி, யாரோட வேலை எண்டு கேள். சம்பளம் கேளாதை."

"அக்கா, நீங்களும் அப்ளை பண்ணினனீங்களோ?"

"ஓம்."

"அப்ப அவரோட கதைச்சிட்டீங்களோ?"

பொய் வாய் வரைக்கும் வந்தது. "இல்லை."

"ஏன்?"

காருக்குள் சூடு போடவில்லை. விரல் விறைத்துப்போச்சு. ஆள் வருகிறது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். ஒருவரும் வரவில்லை.

வியாழன், 13

மூடுபனி. எதிர்க் கட்டடம் தெரியவில்லை. நாளை கடைசி நாள்.

ஹெ. என் மேசைக்கே வந்தார். "நேற்று ஒரு தமிழ்ப் பிள்ளை போன் எடுத்தாள். அருமையான குரல்! நீ சொல்லித்தான் எடுத்தாளாம்."

"ஓம். கெட்டிக்காரி." பிறகு, அவர் திரும்புவதற்குள், "நானும் விண்ணப்பித்திருக்கிறேன்."

"நீயா? ஒரு வார்த்தை சொல்லவில்லையே! உனக்கு விருப்பமில்லை என்று நினைத்தல்லவா இந்தச் செய்தி பரப்பும் வேலையை உன்னிடம் தந்தேன்."

உண்மையா, இப்போது கட்டின கதையா? முகத்தைப் பார்த்தேன். தெரியவில்லை. கதிரையை இழுத்துப்போட்டு இருந்தார். "சரி. போனில் கேட்பதை இப்போது கேள்."

பிர்கிட் தட்டச்சை நிறுத்திவிட்டாள்.

அபிராமிக்குச் சொல்லிக்கொடுத்த கேள்வி ஒன்றும் வாயில் வரவில்லை. வந்தது இதுதான்: "இந்த இடம் யாருக்கு என்று ஏற்கெனவே முடிவாகிவிட்டதா?"

அவர் பிர்கிட்டைப் பார்த்தார். அவரின் காது சிவந்துபோச்சு.

"இன்னும் இல்லை" என்றார்.

'இன்னும்' என்றால் என்ன? அதையும் கேட்டேன்.