வெள்ளி ஏன் கறுத்தது?

என் அன்புக்கும் சண்டைக்கும் உரிய ஞானம் அக்காவுக்கு,

உன் கதையிலிருந்து ஏழுமலையின் பெயரை எடுத்துவிட்டார்கள். அதோடு நிற்கவில்லை. அவனைக் குடிகாரனாக்கி, அதைக் கல்லூரிப் பாடப் புத்தகத்தில் அச்சடித்து, பிள்ளைகளைப் பரீட்சையில் எழுத வைத்து, மார்க்கும் போடுகிறார்கள். செய்தவர் ஒரு தமிழ்ப் பேராசிரியர். இந்த வேலைக்கு அவர் வைத்திருக்கும் பெயர் குறியீட்டு வாசிப்பு.

நீ போய் மூன்று வருஷம் ஆகிறது. இதுவரை உனக்குக் கடிதம் எழுதத் தோன்றியதில்லை. கல்லறைத் தோட்டத்துக்கு வந்தால் நேரிலேயே பேசிவிட்டுப் போகிறேன். இது மற்றவர்களும் படிக்க வேண்டிய விஷயம் என்பதால் எழுதுகிறேன். உன் கதையை அறியாதவர்களுக்காக முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். பொறுத்துக்கொள்.

நீ ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவு நர்ஸாக இருந்த காலம். ஒரு மத்தியானம் தோல் கம்பெனி ஆட்கள் இரண்டு பேர் ஏழுமலை என்பவனைத் தூக்கிவந்து போட்டார்கள். குடித்துவிட்டு ரோட்டில் விழுந்துகிடந்தான் என்றார்கள். உயிர் முன்பே போயிருந்தது. அவர்கள் சொன்னதே ஏட்டில் ஏறியது. நீதான் உடம்பைத் துடைத்தாய். வாயில் சாராய வாடை இல்லை. துணியில் அழுகிய முட்டை நாற்றம். இடுப்பிலிருந்த வெள்ளி அரைஞாண் கரியாகக் கறுத்திருந்தது. சாயங்காலம் அவன் மனைவி மல்லிகா வந்தாள். அரைஞாணைக் கையில் வாங்கிப் பார்த்து, "நேத்துதானே புளி போட்டுத் தேய்ச்சேன்" என்றாள். கதை அங்கே முடிந்துவிடும்.

எங்கள் பக்கத்தில் இந்தக் கதையை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. தோல் கம்பெனிக் கழிவுத் தொட்டியில் கிளம்பும் விஷவாயு பட்டால் வெள்ளி கறுக்கும். ஓடையோரத்து வீடுகளில் கொலுசைத் துலக்கித் துலக்கிப் பெண்களுக்குக் கை ஓய்ந்துபோகும். ஏழுமலை ரோட்டில் சாகவில்லை, தொட்டிக்குள் செத்தான் என்பதை நீ ஓர் அரைஞாணை வைத்துச் சொன்னாய். சபையின் மாத இதழில் அது வந்தபோது ஆம்பூரில் படிக்கத் தெரியாதவர்களும் படிக்கச் சொல்லிக் கேட்டுப் புரிந்துகொண்டார்கள்.

முனைவர் பட்டம் வாங்கியவருக்குப் புரியவில்லை. அவர் எழுதிய குறிப்பை அப்படியே தருகிறேன்: "வெள்ளி, இல்லறத் தூய்மையின் குறியீடு. அது கறுத்தல் குடியால் இருண்ட குடும்ப வாழ்வைச் சுட்டும். 'நேத்துதானே தேய்ச்சேன்' என்னும் தொடர், இழந்த இன்பத்தை எண்ணி ஏங்கும் பெண்மனத்தின் வெளிப்பாடு."

படித்துவிட்டுச் சிரிப்பாய் என்று தெரியும். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் அந்தப் புத்தகத்தை என்னிடம் கொண்டுவந்தவள் மல்லிகா.

அவளுடைய பேத்தி அந்தக் கல்லூரியில் பி.ஏ. படிக்கிறது. அந்தக் குழந்தைக்குத் தாத்தா எப்படிச் செத்தார் என்று யாரும் சொன்னதில்லை. ஊர் பேசிய பேச்சுக்குப் பயந்து மறைத்துவிட்டார்கள். புத்தகத்திலும் பெயர் இல்லை, 'அவன்', 'அவன் மனைவி' என்றுதான் இருக்கிறது. அது என்ன செய்யும்? மாதத் தேர்வில் குறிப்பில் உள்ளபடியே எழுதிப் பத்துக்கு ஒன்பது வாங்கியிருக்கிறது. செமஸ்டர் பரீட்சைக்கு வீட்டில் சத்தம் போட்டுப் படித்தபோது, பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த மல்லிகாவின் காதில் அரைஞாண் என்ற சொல் விழுந்தது. அன்றைக்குத்தான் தாத்தா செத்த விதத்தைப் பேத்தியிடம் சொன்னாள்.

"அன்னிக்குக் கம்பெனிக்காரன் குடிகாரன்னான். இன்னிக்குக் காலேஜ்காரங்க சொல்றாங்க" என்றாள் மல்லிகா. "இவங்களுக்கு எங்க வூட்டுக்காரரு இன்னா பண்ணாருண்ணா? எழுதிட்டு மார்க்க வாங்கிக்கடின்னா, எழுதமாட்டேன்னு உக்காந்துனுகீது அது. மார்க் கம்மியானா படிப்பு போயிடுமே."

அந்த அரைஞாணை அவள் இன்னும் வைத்திருக்கிறாள். தேய்க்காதே என்று நீ சொல்லிவிட்டாயாம். இத்தனை வருஷமாகத் தேய்க்கவில்லை. கொண்டுபோய்ப் பேராசிரியரிடம் காட்டட்டுமா என்று கேட்டேன். கொடுக்கவில்லை. "காட்னா மட்டும் கண்ணு தெரியப்போவுதா" என்றாள்.

வெறுங்கையோடுதான் பஸ் ஏறிப் போனேன். பேராசிரியர் மரியாதையானவர். நாற்காலி போட்டார், டீ வரவழைத்தார், ஐயா ஐயா என்றார். அந்த மரியாதைதான் எனக்கு ஆகவில்லை. பெயரை ஏன் எடுத்தீர்கள் என்றேன். ஏழுமலை என்றால் ஒருவன்தானாம். 'அவன்' என்றால் உலகத்து உழைப்பாளிகள் எல்லோருக்கும் பொருந்துமாம். உலகத்து உழைப்பாளிகள் எல்லோரும் அந்தத் தொட்டிக்குள் இறங்கவில்லை, ஏழுமலைதான் இறங்கினான் என்றேன். சிரித்தார். ஏழுமலை குடித்தான் என்று கதையில் எங்கே இருக்கிறது என்று கேட்டதற்கு, தூக்கிவந்த இரண்டு பேர் சொல்கிறார்களே என்றார்.

பார்த்தாயா அக்கா? கதையில் பொய் சொல்வதற்கென்றே நீ நிறுத்திவைத்த இரண்டு ஆட்களை மட்டும் அவர் நம்பியிருக்கிறார். நீ வைத்த சாட்சியைக் குறியீடு என்று ஒதுக்கிவிட்டார்.

"சார், வெள்ளி ஏன் கறுக்கும்?" என்றேன்.

"வேர்வையில கறுக்கும்யா."

"ஒரே நாள்லயா?"

டீயை என் பக்கம் நகர்த்தினார். "அதெல்லாம் கெமிஸ்ட்ரி ஐயா. நான் இலக்கியம்."

டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

நான் ஆறாவதோடு நின்றவன். பொது நூலகத்து பெஞ்சில் உட்கார்ந்து படித்துக்கொண்டவன். நாற்பது வருஷம் தோலைத் தடவித் தரம் பிரித்தது என் தொழில். கோடு இருந்தால் முள் கீறியது. புள்ளி புள்ளியாக இருந்தால் உண்ணி கடித்தது. கழுத்தில் காய்த்திருந்தால் நுகம். வெட்டு விழுந்திருந்தால் உரித்தவன் கை தவறியது. உண்ணிக்கடியைப் பார்த்து இது ஆன்மாவின் தவிப்பு என்று நான் சீட்டு எழுதியிருந்தால் சூப்பர்வைசர் அன்றைக்கே என்னை வீட்டுக்கு அனுப்பியிருப்பார். கல்லூரியில் அப்படி எழுதுகிறவரைப் பாடப் புத்தகம் தயாரிக்கச் சொல்கிறார்கள்.

கதையில் குறியீடே கூடாது என்று நான் சொல்லவில்லை. உன்னோடு இதைப் பற்றி எத்தனை ஞாயிற்றுக்கிழமை சண்டை போட்டிருக்கிறேன். திருவிருந்தை வைத்துத்தான் நீ எனக்கு விளங்க வைத்தாய். "அப்பம் முதல்ல அப்பமா இருக்கணும்டா. வேகாத மாவக் குடுத்துட்டு இது கர்த்தரோட சரீரம்னா எவன் முழுங்குவான்?" என்றாய். அதைவிடத் தெளிவாக இதை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அரைஞாண் மல்லிகாவின் துக்கமாக ஆகட்டும், பாலாற்றங்கரை மொத்தத்தின் துக்கமாகவும் ஆகட்டும். முதலில் அது வெள்ளி. தொட்டிக்குள் போய் வந்த வெள்ளி. அதைத் தாண்டிக் குதித்துவிட்டு மேலே என்ன கோபுரம் கட்டினாலும் அது பொய். இந்தமுறை அது கம்பெனி சொன்ன அதே பொய்யாகவும் இருக்கிறது.

உன்மேலும் எனக்குக் கோபம் உண்டு. அன்றைக்கே சொன்னேன், கதை வேண்டாம், மனுவாக எழுது என்று. "மனுவ ஒரு ஆபீசர் படிப்பான். கதைய ஊரு படிக்கும்" என்றாய். உன் வேலைக்கும் பயந்தாய், இல்லையா? கதை என்றால் யாரும் உன்னைக் கூப்பிட்டு விசாரிக்க மாட்டார்கள் என்றுதானே அப்படிச் செய்தாய்? கதை என்று சொன்னதால்தானே இன்றைக்கு யாரோ வந்து இஷ்டத்துக்கு அர்த்தம் சொல்கிறார்? மனுவாக இருந்திருந்தால் கரையான் தின்றிருக்கும், மல்லிகாவின் காதுக்கு எதுவும் எட்டியிருக்காது என்று நீ சொல்வாய். இருந்தாலும் நான் சொன்னதுதான் சரி.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன், இவ்வளவு பேசிவிட்டு மறைப்பது அழகில்லை. ஏழுமலையைத் தொட்டிக்குள் இறக்கிய மேஸ்திரி மறுநாள் காலையில் டீக்கடையில் என் காதோடு எல்லாவற்றையும் சொன்னார். அப்போது நான் வேலை பார்த்தது அந்தத் தோல் கம்பெனி முதலாளியின் மைத்துனரிடம். உன்னிடம் மனு எழுது, மனு எழுது என்று கத்திய நான், எனக்குத் தெரிந்ததை ஒரு வரிகூட எழுதித் தரவில்லை. இது உனக்குத் தெரிந்திருந்ததா? தெரிந்துதான் அந்த மேஸ்திரியைப் பற்றிக் கடைசிவரை என்னிடம் கேட்காமல் இருந்தாயா?

சரி, இனி ஆக வேண்டியதைச் சொல்கிறேன். பேராசிரியர் அந்தக் குறிப்பை நீக்கிவிட்டு, முனிசாமி மகன் ஏழுமலை என்று நீ எழுதிய பெயரை இருந்த இடத்தில் திரும்ப வைக்க வேண்டும். பதிப்பகத்தார் அடுத்த பதிப்பு வரட்டும் என்று காத்திருக்காமல் திருத்தத்தை ஒரு தாளில் அச்சடித்து, புத்தகம் போன ஒவ்வொரு கல்லூரிக்கும் அனுப்ப வேண்டும். செமஸ்டருக்குக் கேள்வித்தாள் எடுக்கிறவர்கள் இந்தக் கேள்வியை விட்டுவிட வேண்டும். வைத்தே தீருவோம் என்றால், ஏழுமலையின் பேத்தி எழுதப்போகும் பதிலுக்கு முழு மார்க் போட வேண்டும். கம்பெனியை இப்போது நடத்தும் மகன்கள், ஆள் அனுப்பாமல், தாங்களே மல்லிகா வீட்டுக்கு நடந்து வந்து, அன்று சொன்னது பொய் என்று அந்தக் குழந்தையின் எதிரில் சொல்ல வேண்டும். தூக்கிவந்த இருவரில் ஒருவர் நாட்றம்பள்ளியில் மகள் வீட்டில் இருக்கிறார். காது மந்தம், வாய் நன்றாகத்தான் இருக்கிறது. அவர் அதைத் திறக்க வேண்டும். மேஸ்திரி என்னிடம் சொன்னதை நான் என் பெயர், என் விலாசத்தோடு எழுதிக் கையெழுத்துப் போட்டு, ஒரு பிரதியை மல்லிகாவிடமும் ஒரு பிரதியைக் கல்லூரி முதல்வரிடமும் கொடுக்க வேண்டும். வருகிற திங்கட்கிழமை கொடுத்துவிடுவேன், இது உனக்கு நான் தரும் வாக்கு. மல்லிகா எதுவும் செய்ய வேண்டியதில்லை.

இப்படிக்கு,
அன்றைக்கு வாய் திறக்காத உன் தம்பி,
தேவசகாயம்