டொரதி படகும் ஒரு திருத்தமும்

ஈஸ்ட் ஹாம்,
லண்டன்.
20.05.2007, ஞாயிறு

அன்பு மகள் பிறின்சிக்கு,

நீயும் டிலுக்சனும் சின்னவன் அன்ரனும் அந்த நியூசிலாந்துக் குளிரில் இருமல் தடிமன் இல்லாமல் இருக்க அந்தோனியாரை மன்றாடிக்கொண்டு எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் உடம்பால் சுகம். உடம்பால் என்று எழுதியதைக் கவனித்திருப்பாய். ஒரு கிழமையாக எனக்கு ஒரு இடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. பூசையால் வந்து தேத்தண்ணி குடித்த கையோடு இதை எழுத இருந்து, இதுவரை மூன்று தரம் எழும்பி யன்னலால் காற்றுப் பார்த்துவிட்டேன். புதன்கிழமை ரெலிபோனில் நீ, அப்பா, அந்தப் படகை வித்துப்போடுங்கோ, அம்மா அழுறா என்று சொன்னாய். நானும் ஓம், விக்கிறன் என்று வாக்குத் தந்தேன். அந்த வாக்கு இப்போது என்னிடம் நிற்கவில்லை. ஏன் என்பதை ரெலிபோனில் சொன்னால் நீ இடையில் குறுக்கிடுவாய், அதனால் நடந்ததை நடந்த ஒழுங்கில் எழுதுகிறேன்.

படகு வாங்கினது போன ஒக்டோபரில் என்று உனக்குத் தெரியும். பாதி எனக்கு, பாதி ஹை ஸ்ரீற்றில் மரக்கறிக் கடை வைத்திருக்கும் கணேசலிங்கத்துக்கு. இருபத்திரண்டு அடி நீளம், மரம், 1961இல் கட்டினது, பெயர் டொரதி. எசெக்ஸ் கரையில் ஒரு படகு முற்றத்தில் பன்னிரண்டு வருசம் தரையில் கிடந்தது. பார்க்கிங் ஸ்ரேசனில் ரயில் ஏறினால் நாற்பது நிமிசம். மீன்பிடி ஊரான பேசாலையில் பிறந்தவன் என்றபடியால் படகு எனக்குத் தெரியும் என்று நான் நினைத்தேன், கணேசலிங்கமும் நம்பினார். பிறகுதான் அவருக்கு விளங்கியது. பேசாலை எண்டவுடனை நான் உம்மை மீன் எண்டு நினைச்சன், நீர் கரையிலை நிண்டு செய்தி எழுதின ஆள் எண்டு கடையில் சனத்துக்கு முன்னால் வைத்தே சொன்னார். பிழையில்லை. உன் அப்பப்பா வாத்தியார், நான் பேப்பர்காரன், எங்கள் வீட்டில் ஒருவரும் துடுப்புப் பிடித்ததில்லை.

நாங்கள் செய்த பிழையைக் கேள். எங்கள் வீட்டுப் பின் அறைச் சுவரில் ஈரம் ஏறி ஊத்தை பிடிக்கிறது உனக்கு ஞாபகம் இருக்கும், பத்து வருசமாக நான் அதோடு சண்டை. அந்தப் புத்தியில் படகுக்கும் ஈரம்தான் எதிரி என்று நினைத்து, மேலே நீலப் படங்கு கட்டி, உள்ளே உன் பழைய அறை ஹீற்றரை வைத்து, சனி ஞாயிறு முழுக்கச் சூடு காட்டினோம். பெப்ரவரியில் பார்த்தால் பலகைகள் சுருங்கி, இடுக்கெல்லாம் சில்லறைக் காசு நுழையுமளவுக்கு வாய் திறந்து கிடந்தது. கணேசலிங்கம் கடை திருத்தின நேரம் மிஞ்சின, சுவர் வெடிப்புக்குப் பூசுகிற ஃபில்லரைக் கொண்டுவந்தார். ஒரு பக்கம் முழுக்க இறுக்கி அடைத்து, மட்டத்தாள் போட்டுத் தேய்த்து, வீட்டுச் சுவர் மாதிரி மினுக்கிவிட்டோம். முற்றத்து வேலையைப் பார்க்கிற டெரிக் என்ற வெள்ளைக்காரக் கிழவன் வந்து பார்த்து, தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துவிட்டு, நீங்கள் இதை அவிச்சுப்போட்டியள், இனித் தண்ணிக்கை இறக்கினால் பலகை ஊதி, இடமில்லாமல் உள்ளுக்குள்ளை இருக்கிற விலாச் சட்டங்களை முறிச்சுப்போடும் என்றான். மரப் படகு தண்ணீரைக் குடித்து ஊதித்தான் தன் வாயைத் தானே மூடுமாம். இடுக்கில் மெதுவான களிதான் வைக்க வேண்டுமாம், அது பிதுங்கி வழிவிடுமாம். அடைத்த ஃபில்லரைச் சுரண்டி எடுக்க மூன்று சனிக்கிழமை போனது. முகமெல்லாம் வெள்ளை மாவோடு நாங்கள் ரயிலில் திரும்பி வர, பேக்கரியில் வேலையோ என்று ஒரு பெண் கேட்டாள். கணேசலிங்கம் ஓம் என்று சொல்லிவிட்டார்.

போன சனிக்கிழமை, பன்னிரண்டாம் தேதி, இறக்குவதற்கு நாள் வைத்தோம். இந்தப் படகு விசயத்தில் ஒரு வார்த்தையும் கதைக்காமல் இருந்த அம்மா, முதல்நாள் பின்னேரம் தானாகவே வந்து, மந்திரிக்காத வள்ளத்தைத் தண்ணியிலை விடுறதோ, பேசாலையிலை ஆரும் அப்பிடிச் செய்தவையோ என்று கேட்டா. தமிழ்ப் பூசை வைக்கிற சுவாமியிடம் போய் ஒரு ரைபீனா ஜூஸ் போத்தலில் தீர்த்தம் வாங்கி, கட்டுச்சோறும் கட்டி, எங்களோடு வந்தா. காலைப் பெருக்கில், கடல் மட்டம் ஏறின நேரம், பத்தேகாலுக்குக் கிரேன் படகைத் தூக்கி இறக்கியது. அம்மா ஏறி நின்று நாலு மூலையிலும் தீர்த்தம் தெளித்தா. அந்த நேரம் காலடியில் தண்ணீர் வந்தது. பலகை ஊதுமட்டும் வரத்தான் செய்யும். டெரிக் முன்கூட்டியே சொல்லியிருந்தான், நாலைந்து நாள் விடுங்கோ, பெருக்கில் நிரம்பி வற்றில் வடியட்டும், ஒன்றும் செய்யாதையுங்கோ என்று. நான் அதை அம்மாவுக்குச் சொல்லி வைக்கவில்லை. அது என் பிழை.

 அம்மா போத்தலை வைத்துவிட்டு, பெயின்ற் வாளியை எடுத்துத் தண்ணீரை இறைக்கத் தொடங்கினா. பத்து முப்பதிலிருந்து பதினொன்று பத்துவரை, நாற்பது நிமிசம். டெரிக் மூன்று தரம் சொன்னான், வேண்டாம் அம்மா, அது குடிக்கட்டும் என்று. அம்மாவின் காதில் ஏறவில்லை. கடைசியில் நான் போய்க் கையைப் பிடித்தேன். என்னை ஆரோ தெரியாத ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தா. 90ஆம் ஆண்டு பேசாலைக் கரையிலிருந்து இராமேஸ்வரம் போன அன்று, பதினேழு பேர் ஏறின அந்தப் படகில், உன் பால்மா ரின்னால் அம்மா இறைத்துக்கொண்டு வந்தது இதே மாதிரித்தான். உனக்கு ஒன்பது வயது. நீ முன்பக்கத்தில் என் மடியில் கிடந்தாய், நான் சத்தி எடுத்துக்கொண்டு கிடந்தேன். பேசாலையான்.

அதுக்குப் பிறகு நாலு நாள் அம்மா சாப்பிட வாங்கோ, கதவைப் பூட்டுங்கோ என்பதைத் தவிர ஒன்றும் கதைக்கவில்லை. புதன்கிழமை உன் கோல் வந்தது, வாக்குத் தந்தேன். வியாழக்கிழமையே கணேசலிங்கம் ஆள் பிடித்துவிட்டார், ஹரோவில் இருக்கும் கோபாலகிருஷ்ணன் என்ற மலேசியத் தமிழர், கண் டொக்டர். இன்று இரண்டு மணிக்கு வந்து பார்ப்பதாக இருந்தார்.

வெள்ளிக்கிழமை காலை உடுப்பு அயர்ன் பண்ணிக்கொண்டே, நிமிர்ந்து பாராமல், அந்தத் தண்ணி நிண்டிட்டுதோ என்று அம்மா கேட்டா. தெரியாது என்றேன். ஒரு கிழமையாய்ப் போய்ப் பாக்கேல்லையோ, நீங்கள் என்ன பேப்பர்காரன் என்றா. நேற்று இரண்டு பேரும் போனோம். வற்று நேரம். டொரதி சேற்றில் சாய்ந்து கிடந்தது. டெரிக் முதல்நாள் உள்ளே நின்ற தண்ணீரைப் பம்பால் எடுத்தானாம், இரண்டு பெருக்கு வந்து போயும் இரண்டு விரல் அளவுக்குமேல் ஏறவில்லை. அம்மா ஏணியால் ஏறி, உள்ளே முழந்தாளில் இருந்து, பலகை இடுக்கை ஒவ்வொன்றாகக் கையால் தடவிப் பார்த்தா. முன்பு காசு நுழைந்த இடத்தில் நகம்கூட நுழையவில்லை. பிறகு சேற்றைப் பார்த்துக்கொண்டு, அந்தப் பெட்டியைச் சூசை எறியேல்லை, நான்தான் எறிஞ்சனான் என்று சொன்னா.

எந்தப் பெட்டி என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. பதினொரு வருசக் குறிப்புப் புத்தகங்களும் வெட்டி வைத்த செய்திகளும் இருந்த என் தகரப் பெட்டி. படகு ஓட்டி சூசை அதைக் கடலில் எறிந்தான் என்று பதினேழு வருசமாக வீட்டுக்கு வந்த ஒவ்வொருவருக்கும் சொல்லியிருக்கிறேன். ஹரோவில் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் அவன் பெயரோடு சொன்னேன். நான் அந்தக் கதையைத் தொடங்கும்போதெல்லாம் அம்மா எழும்பிக் குசினிக்குப் போவா, தேத்தண்ணி போட என்று நினைத்தேன். நடந்தது இதுதான். தண்ணீர் முன்பக்கம் நீ கிடந்த இடத்துக்கு ஏற, பாரமாய் எதையாவது எறியுங்கோ என்று சூசை கத்தினான். அம்மாவின் கைக்கு எட்டினது பெட்டிதான். உங்களைக் கேட்டிருந்தால் பொறு எண்டிருப்பியள், அதுதான் கேக்கேல்லை என்றா. இரைச்சலில்லாமல் சொன்னா. ஓம், பொறு என்றுதான் சொல்லியிருப்பேன்.

நான் கண்ணால் காணாததை எழுதக்கூடாது என்று இளம் நிருபர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவன். பக்கத்தில் இருந்த சாட்சியை ஒரு நாளும் கேட்கவில்லை. ஆகவே திருத்தம்: பெட்டியை எறிந்தது சூசை அல்ல, உன் அம்மா மேரிறோஸ். எறிந்தது சரி. சூசை இன்னும் மண்டபம் முகாமில் இருப்பதாக ஒருவர் சொன்னார். விலாசம் எடுத்து அவனுக்கும் எழுதப் போகிறேன்.

திரும்பி வரும்போது ரயிலில், இனி என்ன, நாளைக்கு வித்துவிடுவம் என்றேன். அம்மா, தண்ணி நிக்கும் எண்டு எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை என்றா. டெரிக் மூன்று தரம் சொன்னானே என்றேன். அவன் இங்கிலீசிலை சொன்னவன் என்றா. பிறகு, ஏன் உங்களுக்கு இந்த வயதிலை படகு என்று முதல்முறையாகக் கேட்டா. ஒக்டோபரிலேயே கேட்டிருந்தால் பதில் இருந்திருக்காது. நேற்று இருந்தது. கடலுக்கு இறங்கின கரைக்கே திரும்பி வருகிற ஒரு பயணம் ஒருநாளாவது போகவேணும் என்றேன்.  அப்டன் பார்க் ஸ்ரேசன் வந்தபிறகுதான் ஈஸ்ட் ஹாமைத் தாண்டிவிட்டோம் என்று தெரிந்து அடுத்த ரயிலில் திரும்பி வந்தோம். இறங்கும்போது, கண் டொக்டருக்குக் கோல் எடுத்து வரவேண்டாம் எண்டு சொல்லுங்கோ என்றா. சொல்லிவிட்டேன். கணேசலிங்கம் கோபத்தில் பேசினார், பேசட்டும்.

அம்மா வைத்த நிபந்தனை இரண்டு: கரை கண்ணுக்குத் தெரியுமட்டும்தான் போகலாம், வாளி அவவின் பக்கத்தில் இருக்க வேண்டும். அடுத்த சனிக்கிழமை போகிறோம். பெருக்கு நேர அட்டவணையைப் பிறிஜ்ஜில் ஒட்டி, ஒரு நாளைக்கு ஆறு தரம் வாசிக்கிறேன். மனம் இன்னும் அடங்கவில்லை, பயமும் இருக்கிறது, அதை மறைக்கவில்லை. உனக்குத் தந்த வாக்கிலிருந்து என்னை விட்டுவிடு, மகள்.

டிலுக்சனைக் காரைக் கவனமாக ஓடச் சொல். இரவு ஷிப்ட் முடித்து வந்து சாப்பிடாமல் படுக்காதே. செபமாலையை மறவாதே. ஆண்டவர் உங்கள் மூன்று பேரையும் தம் கைக்குள் வைத்திருக்கட்டும்.

ஓகஸ்டில் நீங்கள் இங்கே வருமுன் மறக்காமல் ஒன்று எழுது: அன்ரன் இப்போது எத்தனை கிலோ? லைஃப் ஜாக்கெற் நிறை பார்த்துத்தான் தருவார்களாம். கேட்கச் சொன்னது அம்மா.

உன் அன்பு அப்பா,
அ. அருட்பிரகாசம்