டாக்டர் கேட்டது அதுவல்ல

இஞ்சருங்கோ,

நேற்று என் வீங்கின கையைப் பார்த்துவிட்டு, வீட்டில் பயமில்லாமல் இருக்கிறீர்களா என்று டாக்டர் என்னிடம் இங்கிலீஷில் கேட்டார். நீங்கள் என் பக்கம் திரும்பி, "நித்திரை வருகுதோ எண்டு கேக்கிறா" என்றீர்கள். உங்கள் முகத்தைப் பார்த்து நான் "ஓம்" என்றேன். அந்த ஓமை அப்படியே தூக்கி அவரிடம் "யெஸ்" என்று கொடுத்தீர்களே, என்ன துணிச்சல்!

எனக்கு எல்லாம் விளங்கியது. நான் படியில் விழுந்தேன் என்று நீங்கள் சொன்னதும் விளங்கியது. கீழ்வீட்டில் இருக்கிற எங்களுக்குப் படி எங்கே இருக்கிறது?

ஜெர்மனியில் டொச் மொழி பழகி, பேக்கரியில் நாள் முழுக்க வாயாடி வேலை செய்தவள் நான். லண்டனுக்கு வந்ததும், "உமக்கேன் இங்கிலீஷ்? கதைக்க நான் இருக்கிறன்தானே" என்றீர்கள். அதைப் பாசம் என்று நம்பினேனே!

செவ்வாய்க்கிழமைகளில் நான் போனது கோயிலுக்கு இல்லை. மோர்டன் லைப்ரரியில் நடக்கும் இங்கிலீஷ் வகுப்புக்கு. டாக்டரோடு எப்படிக் கதைப்பது என்பதைத்தான் அங்கே முதலில் படிப்பித்தார்கள்.

இன்று காலை டாக்டரின் கிளினிக்குக்கு நானே போன் எடுத்து, தனியாக வருகிறேன் என்றேன். மொழிபெயர்க்க ஆள் வேண்டுமா என்று கேட்டார்கள். வேண்டவே வேண்டாம் என்றேன்.

நீங்கள் வேலை முடிந்து வந்து இதை வாசிக்கும்போது நான் டாக்டருக்கு முன்னால் இருப்பேன். நித்திரை வருகுதோ என்று கேட்டீர்களே, இல்லை. அவர் கேட்டதற்கும் அதே 'இல்லை'தான் பதில்.

இப்படிக்கு,
இங்கிலீஷ் தெரியாது என்று நீங்கள் சொல்லித் திரிகிற உங்கள் மனைவி