பிஸ்கட் ஆலைச் சுவரில் பாப்பா

ஜூன் 4

பாப்பாவின் அப்பாவுக்கு,

நலம். உங்கள் வீட்டம்மாவும் அவள் பெற்ற சின்னவளும் சுகம்தானே? நாம் பிரிந்தபின் நான் எழுதுவது இதுதான் முதல் தடவை. பயப்படாதீர்கள், சண்டைக்கு வரவில்லை.

மூடிக் கிடக்கும் பிஸ்கட் ஆலைச் சுவரில் நம் பாப்பாவைப் பார்த்து விளம்பரம் வரைந்தீர்களே, அது வெளுத்துப்போயிற்று. பிஸ்கட் போனால் போகட்டும். அடியிலிருந்த பழைய விளம்பரம் மேலே வருகிறது. அவள் கன்னத்தில் ‘டயர்’ என்று தெரிகிறது. எந்தத் தாய்க்குப் பொறுக்கும்?

“சுவரில்தான் இவ்வளவு பெரிதாக இருக்கிறாளே, போட்டோ எதற்கு” என்று அன்று சிரித்தோம். காய்ச்சல் அவளைக் கொண்டுபோனபின் எனக்கு அந்தச் சுவர்தான். தினமும் பார்த்துவிட்டுத்தான் வேலைக்குப் போகிறேன். காவலாளியிடம் கேட்டுவிட்டேன், ஏறி வரைய மூங்கில் சாரம் கட்டிக்கொள்ளலாமாம். முகத்தை மட்டும் வரைந்து கொடுங்கள். கிணற்றில் போட்ட கல்லாக இருந்துவிடாதீர்கள்.

பாப்பாவின் அம்மா

ஜூலை 19

பாப்பாவின் அம்மாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ஞாயிறன்று வந்து முடித்துவிட்டேன். உன்னைப் பார்க்கத்தான் தைரியம் வரவில்லை.

முகம் மறந்திருக்குமோ என்று பயந்துகொண்டே சாரம் ஏறினேன். கை தானாக ஓடியது. அந்தச் சிரிப்பு, அந்தக் கன்னக்குழி, அப்படியே வந்து உட்கார்ந்துவிட்டாள். இறங்கி நின்று பார்த்து வாய்விட்டு அழுதேன். கூட வந்திருந்த சின்னவள், “ஏம்ப்பா அழுவுற?” என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பார்த்துவிட்டு ஒரு வரி எழுது.

பாப்பாவின் அப்பா

ஜூலை 30

பாப்பாவின் அப்பாவுக்கு,

பார்த்தேன். டயர் போய்விட்டது. உங்கள் கைக்கு என்ன குறை, நன்றாகத்தான் வரைந்திருக்கிறீர்கள். காவலாளி வேறு பக்கத்தில் நின்று, “அன்னிக்கு அவரு கூட்டிட்டு வந்த பொண்ணும்மா! உரிச்சு வெச்ச மாதிரி இருக்கு பாருங்க!” என்று சந்தோஷப்பட்டார்.

நம் பாப்பாவுக்குக் கன்னத்தில் குழி விழாது.

உங்கள்மேல் கோபமில்லை. தினமும் மடியில் ஏறுகிற முகம்தானே கையில் வரும்? ஆனால் வீட்டுக்கு வந்து, அவள் செத்த அன்றைக்கு அழுததைவிட அதிகமாக அழுதேன். அன்றைக்காவது போய்ப் பார்க்க ஒரு சுவர் இருந்தது.

சுண்ணாம்பு அடித்துவிடச் சொல்லலாம் என்று மறுநாள் ஆலை வாசல்வரை போனேன். ஓடி விளையாடுகிற பிள்ளை முகத்தில் எப்படிச் சுண்ணாம்பு அடிக்கச் சொல்வது? திரும்பிவிட்டேன். உங்கள் சின்னவள் நூறு வயது இருக்கட்டும். மழையில் நனையவிடாதீர்கள்.

நான் இப்போது பின் தெரு வழியாக வேலைக்குப் போகிறேன். பதில் எழுத வேண்டாம்.

பாப்பாவின் அம்மா