அனுமதியின்றி நுழைந்தவர்

அன்புள்ள குருவிக்கு,

நலமா என்று கேட்டுத் தொடங்குவதுதான் முறை. அதைக் கேட்கிற இடத்தில் நான் இல்லை. இதற்கு முன் எழுதிய இரண்டு கடிதங்களுக்கும் நீ பதில் போடவில்லை. போடாதது சரிதான். நகல்களை எடுத்துப் படித்துப் பார்த்தேன். துணைவேந்தராக நான் கையெழுத்துப் போட்டு அனுப்புகிற இரங்கல் கடிதங்கள் மாதிரியே இருந்தன. இது, விடுதியில் உன்னோடு ஒரே அறையில் நாலு வருடம் இருந்தவள் எழுதுவது.

மகள் வீட்டில் உனக்குச் சௌகரியமாக இருக்கிறதா? முழங்காலுக்கு அங்கே யாரையாவது பார்த்தாயா? வலியைப் பொறுத்துக்கொண்டே வேலை செய்கிற உன் வழக்கம் எனக்குத் தெரியும். மகளிடம் வாய் திறந்து சொல்.

இங்கே புது அறிவியல் கட்டடம் முடிந்துவிட்டது. அடுத்த மாதம் திறப்பு விழா. நிலவியல் துறை இருந்த பழைய கட்டடத்தின் இடத்தில் இப்போது புல்தரை. அங்கே மூன்று மாடி இருந்தது என்று புதிதாக வருகிறவரிடம் சத்தியம் செய்தாலும் நம்ப மாட்டார். நான் அந்தப் புல்லில் கால் வைப்பதில்லை. சுற்றிக்கொண்டுதான் அலுவலகம் போகிறேன். ஏன் மேடம் இந்தச் சுற்று என்று டிரைவர் ஒருநாள் கேட்டார். டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கிறார் என்று சொல்லிவைத்தேன்.

அரசு நம் மானியத்தில் மூன்றில் ஒரு பங்கை வெட்டிய வருடம் உனக்கு நினைவிருக்கும். அதே வருடம்தான் புதுக் கட்டடத்துக்குப் பணம் வந்தது. அதைச் சம்பளத்துக்குத் தொடக் கூடாது என்று நிபந்தனை. ஆசிரியர் கூட்டத்தில் உன் வீட்டுக்காரர் எழுந்து, "கல்லு வாங்கக் காசு இருக்கு, கல்லைப் பத்திச் சொல்லிக் குடுக்கறவனுக்கு இல்லையா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மூன்று வாரம் கழித்து, மூட வேண்டிய துறைகளின் பட்டியலில் அவருடைய நிலவியல் துறையை என் கையாலேயே எழுதினேன். மாணவர்கள் பதினொரு பேர்தான் என்று காரணம் காட்டினேன். அது உண்மை. தோழியின் கணவர் என்று விட்டுவைத்தாள் என யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று நான் பயந்ததும் உண்மை. ஒன்பது பேர் மட்டுமே படிக்கிற இன்னொரு துறையை விட்டுவைத்தேன்.

முன்பெல்லாம் அவர் அலுவலகத்தில் என்னை மேடம் என்பார், உங்கள் வீட்டுக்கு வந்தால் தங்கச்சி என்பார். பட்டியல் வந்த பிறகு வீட்டிலும் மேடம் ஆகிவிட்டேன். "என்னங்க இது புதுசா?" என்று நீ கேட்டபோது அவர் சிரித்து மழுப்பினார். டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

அவர் நம்மை விட்டுப் போன அன்று காலை பத்து மணிக்கு எனக்குப் போன் செய்தார். இது உனக்குத் தெரியாது. "மேடம், நாளன்னிக்கு இடிக்க ஆள் வராங்களாம். பசங்க முப்பது வருஷமா பொறுக்கிட்டு வந்த கல்லெல்லாம் மேல் மாடியிலயே கிடக்கு. போய் எடுத்துக்கலாமா? எழுதிக் குடுக்கணும்னா குடுக்கறேன்" என்றார். "எழுத்தெல்லாம் எதுக்கு, போய் எடுத்துக்குங்க. யாராவது கேட்டா நான் பார்த்துக்கறேன்" என்றேன்.

மூடிய துறைகளில் மின்சாரத்தைத் துண்டிக்கும்படி சுற்றறிக்கை அனுப்பியவள் நான்தான். அறை அறையாகப் போய் விசிறியை அணைக்கிறேன் என்று பிள்ளைகள் எனக்கு சுவிட்ச் அம்மா என்று பேர் வைத்திருந்தார்களே, அந்தப் பெருமையில் அனுப்பியது. அவரோடு பேசும்போது அது என் நினைவுக்கே வரவில்லை. மதியம் மழை பிடித்துக்கொண்டது. நாலு மணிக்கே இருட்டு. பின்பக்கப் படிக்கட்டில் ஜன்னல் கிடையாது. ஏழு பெட்டிகளைக் கீழே கொண்டுவந்து வாசலோரம் அடுக்கியிருந்தார். எட்டாவது பெட்டியோடு விழுந்தார்.

விசாரணைக் குழு உட்கார்ந்தபோது பதிவாளர் என்னிடம், "யாரும் அனுமதி குடுக்கலைதானே மேடம்?" என்று கேட்டார். "என் பார்வைக்கு எந்த விண்ணப்பமும் வரல" என்றேன். ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை, பார். 'பணியிலிருந்து விடுவிக்கப்பட்டவர், அனுமதியின்றி நுழைந்தவர்' என்று அறிக்கையில் எழுதினார்கள். கீழே கையெழுத்துப் போட்டேன். முப்பத்தொரு வருடம் பாடம் நடத்திய கட்டடத்தில் அவரைத் திருடன் மாதிரி ஆக்கிவிட்டேன்.

துக்க வீட்டில் உன் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பாவை உள்ள விட்டது யாரு அத்தை?" என்று கேட்டாள். விசாரித்துக்கொண்டிருக்கிறோம் என்றேன். "நீங்க இருக்கீங்க, கண்டுபிடிச்சிடுவீங்க" என்றாள். அவள் பிடித்த இடம் இன்னும் சுடுகிறது.

போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம் என் அறை ஜன்னலோரம் நின்றிருந்தேன். எதிரே புதுக் கட்டடம். யாராவது நடந்தால் தானாக எரிகிற விளக்குகள் அதன் படிக்கட்டில் போட்டிருக்கிறார்கள். கட்டடத்தைப் பூட்டியாகிவிட்டது. மூன்றாம் மாடி விளக்கு எரிந்தது. கொஞ்சம் பொறுத்து இரண்டாம் மாடி விளக்கு. யாரோ பாரத்தோடு மெதுவாக இறங்குகிற மாதிரி. அதற்குக் கீழே எரியவே இல்லை. எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. ஆனாலும், கீழ் விளக்கும் எரிந்துவிடட்டும், இறங்கி வந்துவிடட்டும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மறுநாள் எலக்ட்ரீஷியனைக் கேட்டால், "பல்லி ஓடினாக்கூட எரியும் மேடம்" என்றார். இருக்கலாம். நான் அதற்குப் பிறகு சரியாகத் தூங்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஆட்சிக்குழு கூடியது. அனுமதி கொடுத்தது நான், மின்சாரத்தை வெட்டியதும் நான் என்று சொன்னேன். மூத்த உறுப்பினர், "மண்ணைப் போட்டு மூடின விஷயத்தை எதுக்கும்மா கிளறுறீங்க?" என்றார். திறப்பு விழாவாவது முடியட்டும் என்று பதிவாளர் கெஞ்சினார். குறிப்பேட்டில் ஏறும்வரை எழுந்திருக்க மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டேன். 'அனுமதியின்றி நுழைந்தவர்' என்ற வாசகத்தை நீக்கிவிட்டார்கள். துணைவேந்தரின் அனுமதியோடு, துறையின் கற்களைக் காப்பாற்றப் போனவர் என்று எழுதியிருக்கிறார்கள். நகலை இதோடு வைத்திருக்கிறேன். என்னை விடுப்பில் போகச் சொல்லிவிட்டார்கள். விழாவில் நாடா வெட்டப்போவது வேறு யாரோ. அதில் எனக்கு வருத்தமில்லை.

இனி எழுதப்போவதைக் குறிப்பேட்டில் ஏற்ற முடியாது, குருவி.

அவர் விழுந்த அன்று மாலை ஆறேகாலுக்கு நீ எனக்குப் போன் செய்தாய். ஏழு மணிக்கு மறுபடியும். நான் கட்டட வரைபடக்காரரோடு தரைக்கல்லின் நிறம் பார்த்துக்கொண்டிருந்தேன். மீட்டிங்கில் இருந்தேன், கவனிக்கவில்லை என்று ஆஸ்பத்திரியில் உன்னிடம் சொன்னேன். கவனித்தேன். திரையில் உன் பெயரைப் பார்த்தேன். அவர் வேலைக்காகத்தான் மறுபடியும் கேட்கப்போகிறாய் என்று நினைத்து, போனைக் கவிழ்த்து வைத்தேன். அவர் எங்கே போயிருக்கிறார் என்று இந்த ஊரிலேயே எனக்கு மட்டும்தான் தெரியும். காவலாளி ரவுண்டு போனபோது அவரைப் பார்த்தது எட்டரைக்கு. இரண்டு மணி நேரம் முன்னால் கொண்டுவந்திருந்தால் என்று டாக்டர் சொன்னபோது உன் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றவளும் நான்தான்.

மன்னித்துவிடு என்று எழுதி எழுதி அடித்தேன். அந்த வார்த்தை இதற்குப் போதாது.

மகளிடம் நீ எதையும் சொல்ல வேண்டாம். அவள் கேட்டது என்னிடம். நானே நேரில் வந்து சொல்கிறேன். இந்த மாதக் கடைசியில் வரலாம் என்றிருக்கிறேன். உள்ளே கூப்பிட வேண்டும் என்றில்லை, வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போய்விடுவேன். வரட்டுமா? வராதே என்றால் வர மாட்டேன். அந்த ஒரு வார்த்தையையாவது உன் கையால் எழுதி அனுப்பு.

உன் உடம்பைப் பார்த்துக்கொள். உன் மகள் நன்றாக இருக்கட்டும்.

உன்
நெட்டை